நாலரை ரூபாய்ப் பொய்

என் வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்றைத் தவிர வேறு எதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. அறுபதுகளின் நடுவில், சென்னைக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் ஆபீஸ் அறையில் நின்றுகொண்டு, செஞ்சியில் என் தினக்கூலி நாலரை ரூபாய் என்று ஒரு குமாஸ்தாவிடம் சொன்னேன். உண்மையில் நான் வாங்கிக்கொண்டிருந்தது மூன்றரை. ஒரு ரூபாய் கூட்டிச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அந்த ஒரு ரூபாயை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்போது நான் செஞ்சியில் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவன். திண்டிவனம் ரோட்டில் ஓர் இரும்புக்கடைக்குப் பின்னால் இருந்த லேத் பட்டறையில் வேலை. கடையும் பட்டறையும் ஒரே முதலாளியுடையவை. பஜாரில் பல காலமாக வியாபாரம் செய்யும் குடும்பம். கிணற்றுக்குக் கிணறு ஆயில் எஞ்சின் வந்துகொண்டிருந்த காலம் அது. அனந்தபுரத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் தேய்ந்துபோன ஷாஃப்ட் தண்டையும் அது உட்கார்ந்து சுழல்கிற புஷ் வளையத்தையும் சாக்கில் சுற்றி, மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். புதிது வாங்க வேண்டுமென்றால் மெட்ராஸுக்கு எழுதிப் போட வேண்டும். அது வந்து சேர்வதற்குள் பயிர் காய்ந்துவிடும். தேய்ந்ததைக் கையில் வாங்கிப் பார்த்து, தேய்வதற்கு முன்னால் அது என்ன அளவில் இருந்திருக்கும் என்று நானே முடிவுசெய்து, அதே அளவில் இன்னொன்றைக் கடைந்து கொடுப்பேன். வரைபடம் கிடையாது, சொல்லிக்கொடுக்கவும் ஆள் கிடையாது. அளக்க ஒரு காலிப்பரும் என் விரல் நுனியும்தான். நான் போட்டுக் கொடுத்த ஷாஃப்ட் திரும்பி வந்ததில்லை. இதை நான் சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் யந்திரத்தைத் தொட்ட முதல் ஆள் நான். என் அப்பா அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நான் கூலி கூட்டிக் கேட்கும்போதெல்லாம் முதலாளி என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். என் அப்பாவைத்தான் இழுப்பார்.

"உங்க நைனா ஒரு நாளிக்கு இன்னா வாங்கறாரு? ஒண்ணே கால். நீ மூணரை வாங்கற. உங்க தெருவுல எவன்டா மூணரை வாங்கறான்? இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

எஞ்சின் ஷாஃப்டைக் காலிப்பரால் அளக்கிற நான், என்னை அவர் என் தெருவை வைத்து அளக்கும்போது வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஆறு ரூபாய் வேண்டியிருந்தது. ஏன் ஆறு என்றால், கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தேன். அவள் ரைஸ்மில் களத்தில் வேலை செய்தாள். அவித்த நெல்லைச் சிமெண்டுத் தளத்தில் பரப்பிவிட்டு, அது காய்கிற வரைக்கும் காலாலேயே கிளறிக்கொண்டு மேலும் கீழும் நடக்க வேண்டும். செஞ்சி வெயில் எப்படிப்பட்டது என்று அந்த ஊரில் ஒரு சித்திரை மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும். மேலே சூரியன், சுற்றிலும் பாறைமலை, கீழே சிமெண்டு. அவளுடைய உள்ளங்கால் கொப்பளித்து, உடைந்து, காய்வதற்குள் மறுபடியும் கொப்பளிக்கும். முதல் மாதமே அதைப் பார்த்துவிட்டு, "எங்கூலி ஆறு ரூபா ஆவட்டும், அப்பால நீ களத்துக்குப் போவ வேணாம்" என்று சொன்னேன். அவள் என்னிடம் கேட்டு வாங்கிய வார்த்தை இல்லை. நானாகச் சொன்னதுதான். இரண்டு வருஷம் ஆகியும் என் கூலி மூன்றரையிலேயே நின்றது.

அப்போதுதான் முதலாளி இரண்டாவது லேத் ஒன்று வாங்கிப் போட்டார். புது மெஷின். அதற்கு 'மெட்ராஸ் கை' வேண்டும் என்று சொல்லி ஓர் ஆளைக் கூட்டிவந்தார். மெட்ராஸ் தொழிற்சாலை ஒன்றில் நாலு வருஷம் வேலை பார்த்தவர். சொந்த ஊர் தொண்டூர். அண்ணன் தம்பிகளுக்குள் நிலப் பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்ததால் ஊருக்குத் திரும்பி வந்திருந்தார். அவருக்குக் கூலி ஏழு ரூபாய் என்று கேள்விப்பட்டேன். நேராக முதலாளியிடம் போனேன்.

"மெட்ராஸ்காரனுக்கு மெட்ராஸ் ரேட்டுதான்டா குடுக்கணும்" என்றார்.

"அவருக்குத் தொண்டூருதானே மொதலாளி?"

"பொறந்தது தொண்டூரு. வேலை செஞ்சது மெட்ராஸ். போயி உன் வேலையப் பாரு."

என் வேலையைத்தான் பார்த்தேன், அந்த ஏழு ரூபாய்க்காரருடைய வேலையையும் சேர்த்து. தொண்டூர்க்காரர் அந்த நாலு வருஷமும் ஒரே ஒரு சாமானைத்தான் கடைந்திருக்கிறார். அதிலும் ஒரு பக்கத்தை மட்டும். மறுபக்கம் அடுத்த மெஷினுக்குப் போய்விடுமாம். தேய்ந்த ஷாஃப்டைக் கையில் கொடுத்தால், "இதுக்கு டிராயிங் எங்க?" என்று தேடுவார். முதல் வாரத்திலேயே ஒரு எஞ்சின் ஷாஃப்டை அளவுக்கு மேல் சீவி வீணாக்கிவிட்டார். முதலாளி வருவதற்குள் நான் வேறொன்றைக் கடைந்து வைத்தேன். அதன் பிறகு கஷ்டமான வேலையெல்லாம் சத்தமில்லாமல் என் பக்கம் வந்தது. ஒரே கூரை, ஒரே இரும்பு, ஒரே டீக்கடை. சனிக்கிழமைக் கூலியில் மட்டும் அவர் கைக்கு இரண்டு பங்கு, என் கைக்கு ஒரு பங்கு.

அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனுஷர். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவரே பேச்சை எடுத்தார்.

"தப்பா நெனைக்காத. உன் கை என் கையவிட நல்ல கை, எனக்குத் தெரியாதா? நான் இன்னா பண்ணட்டும்? நீயும் ஒரு தபா மெட்ராஸ் போயிட்டு வந்துடு. அங்க ரெண்டு வருசம் இருந்தேன்னு ஆயிட்டா, இங்க எவனும் உன்ன மூணரைக்குக் கூப்ட மாட்டான்."

தொழிற்சாலை விலாசத்தை ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். முதலாளியிடம் சொல்லிக்கொண்டேன். "போயிட்டு வா, பாக்கலாம்" என்று சிரித்தார். மனைவியிடம் சொன்னபோது, "ஆறு ரூபா குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் கொடுத்த வார்த்தையை அவள் மறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கிண்டியில் ஃபோர்மன் என் கையில் ஒரு புஷ்ஷைக் கொடுத்து, இதற்குப் பொருந்துகிற ஷாஃப்ட் கடைந்து காட்டு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்க நான் செய்ததே அதுதானே? முக்கால் மணி நேரத்தில் முடித்து, எண்ணெய் தொட்டு, புஷ்ஷை நிமிர்த்தி வைத்து ஷாஃப்டை அதன் வாயில் விட்டேன். தள்ளவில்லை, தட்டவில்லை. தன் எடையிலேயே மெள்ள மெள்ள இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. ஃபோர்மன் அதை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி மறுபடியும் விட்டுப் பார்த்தார். "எங்கேப்பா கத்துக்கிட்டே?" என்றார். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. போய் ஆபீஸில் பெயர் பதிந்துகொள் என்று அனுப்பினார்.

ஆபீஸில் குமாஸ்தா தலை நிமிராமல் ஊரைக் கேட்டார். செஞ்சி என்றேன்.

"கோட்டை இருக்கே, அந்தச் செஞ்சியா? அங்கே லேத்தெல்லாம் இருக்கா?" என்று சிரித்தார். பிறகு, "அங்கே என்ன குடுத்தாங்க?" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கூலி என்பது ஒருவனுடைய அந்தஸ்து. என் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு மாற்றுவதற்கு முன்னால், "மாப்ளைக்கு நாள் கூலி மூணரை!" என்று என் மாமா சபையில் உரக்கச் சொன்னார். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் எங்கள் ஜனத்தில் அவ்வளவு வாங்கியவன் இல்லை. அதனால் கூலி என்ன என்று யாராவது கேட்டால் என் நெஞ்சு தானாக நிமிரும். குமாஸ்தா கேட்டபோதும் நிமிர்ந்தது. நம்மை மட்டமாக நினைத்துவிடப் போகிறார் என்று தோன்றவே, இன்னும் ஒரு ரூபாயைச் சேர்த்துக்கொண்டேன். "நாலரை, சார்."

எழுதிக்கொண்டார். "அஞ்சு போட்டிருக்கேன். ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் ஏழாகிவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து, தபாலாபீஸைத் தேடிப் போய், ஒரு கார்டு வாங்கி எழுதினேன். வேலை கிடைத்துவிட்டது, நாள் ஒன்றுக்கு ஐந்து ரூபாய், ஆறு மாதத்தில் இன்னும் ஏறும், இனிமேல் நீ களத்துக்குப் போக வேண்டாம். எங்கள் தெருவுக்குள் தபால்காரர் வர மாட்டார். எங்களுக்கு வருகிற கடிதத்தைப் பஜாரில் தெரிந்த கடையில் போட்டுவிட்டுப் போவார். எனக்குத் தெரிந்த கடை ஒன்றுதான். இரும்புக்கடை விலாசத்தைப் போட்டே கார்டைத் தபால் பெட்டியில் சேர்த்தேன்.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை கூலி. முதல் கூலி நாளன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கோயம்புத்தூர்க்காரர். நான் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவர், அதே ஃபோர்மனிடம் அதே சோதனை கொடுத்தவர். ஷாஃப்டை மரச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டித்தான் உள்ளே இறக்கினார் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அவருக்கு ஏழே கால் ரூபாய்க் கூலி.

எப்படி என்று கேட்டேன்.

"நம்மூர்ல ஆறே முக்கா வாங்கீட்டு இருந்தேன்னு சொன்னனுங்க. அரை ரூபா சேத்திப் போட்டாங்க."

"நெஜமாவே ஆறே முக்காலா?"

"அட, இல்லீங்க. அஞ்சே முக்காதான். ஒரு ரூபா சேத்திச் சொல்றதுதானுங்களே?"

நானும் ஒரு ரூபாய் கூட்டித்தான் சொன்னேன், அவரும் ஒரு ரூபாய் கூட்டித்தான் சொன்னார். எனக்குக் கிடைத்த அதே அரை ரூபாய்தான் அவருக்கும் கிடைத்தது. ஆனால் அவர் பொய் சொல்லத் தொடங்கிய இடமே என் பொய் முடிந்த இடத்தைவிட உயரத்தில் இருந்தது. ஏமாற்றுவதற்குக்கூட நல்ல ஊரில் பிறந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்குச் சாயந்திரம் ஆலந்தூர் வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் குமாஸ்தாவிடம் போய் நின்றேன். "நீ வாங்கினதுக்கு மேலே அரை ரூபா போட்டுத்தானே குடுத்திருக்கோம்? உனக்கு என்ன நஷ்டம்?" என்றார். நான் சொன்னது பொய் என்று சொன்னால், ஐந்தை நாலாக்கிவிடுவார். மெஷினுக்குத் திரும்பினேன்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் லேத் வந்துவிட்டது. எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் அதற்குப் புரோகிராம் எழுதுகிறான். அதே மெஷின், அதே புரோகிராம், ஆனால் ஒசூரில் ஒரு சம்பளம், விழுப்புரத்தில் வேறொரு சம்பளம் என்று அவன் அலுத்துக்கொள்கிறான். இன்டர்வியூவில் கடைசியாக வாங்கிய சம்பளம் என்ன என்று இன்றைக்கும் கேட்கிறார்களாம். கேட்டதும் எனக்கு அந்தக் குமாஸ்தாவின் குனிந்த தலைதான் ஞாபகத்துக்கு வந்தது. மனுஷர் செத்திருப்பார், கேள்வி சாகவில்லை.

ஆலந்தூரில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். அறை வாடகை, மெஸ் சாப்பாடு, துணிக்குச் சோப்பு, எல்லாம் போக என் கையில் மிஞ்சியது செஞ்சியில் மிஞ்சியதைவிடக் குறைவு. களத்துக்குப் போகாதே என்று கார்டில் எழுதியவனால், அவள் போகாமல் இருக்கிற அளவுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. ஆறு மாதம் கழிந்தது. பார்க்கலாம் என்று சொன்ன குமாஸ்தா பார்க்கவில்லை. எட்டாவது மாதம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி மில் பக்கமாக நடந்தால், களத்தில் அவள். பொங்கலுக்கு முந்திய நாள்கூட நெல் அவித்துக் கொட்டியிருந்தார்கள். முழங்காலுக்கு மேல் புடவையைச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நெல்லைக் கிளறிக்கொண்டு நடந்தாள். நான் வேலிக்கு வெளியே நின்றேன். அவளாகத் திரும்பிப் பார்த்தபோது, திருடியவள் பிடிபட்டதுபோல் அவள் முகம் போயிற்று. பிடிபட்டவன் நான் அல்லவா?

"இன்னாய்யா, கார்டு போடாம வந்துட்ட?" என்றாள்.

அங்கிருந்தே முதலாளியிடம் போனேன். தொண்டூர்க்காரர் பாகப்பிரிவினை முடிந்து மறுபடியும் மெட்ராஸுக்கே போய்விட்டார் என்றும், புது லேத் சும்மா கிடக்கிறது என்றும் கேள்விப்பட்டிருந்தேன். மெட்ராஸில் எட்டு மாதம் இருந்துவிட்டேன், இப்போது நானும் மெட்ராஸ் கைதான். இந்த முறை கேள்வி எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலைப் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

முதலாளி அன்பாகத்தான் கேட்டார். "மெட்ராஸ்ல இன்னா குடுக்கறான்?"

"எட்டு ரூபா, மொதலாளி." தொண்டை வறளவில்லை. கணீரென்று வந்தது.

அவர் கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"கார்ட உன் பொண்டாட்டிக்குப் படிச்சுக் காட்னது யாருன்னு நெனச்ச? நாந்தான்டா. அஞ்சு ரூபா. களத்துக்குப் போவ வேணாம். ரெண்டு தபா படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு அது."

கடையில் ஆணி வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அஞ்சுல மெட்ராஸ்ல தங்கறதுக்கும் துன்றதுக்கும் போனா உனக்கு இன்னாடா நிக்கும்? இங்க வூடு இருக்குது, சோறு இருக்குது. நாலு ரூபா தரேன். ரெண்டு லேத்தையும் பாத்துக்க."

ஏழு ரூபாய் வாங்கியவர் நின்ற மெஷினையும் சேர்த்து எனக்கு நாலு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அன்று சாயந்திரமே மெட்ராஸ் பஸ் ஏறியிருக்கலாம். அங்கே போய் மட்டும் என்ன வாழ்ந்தது? அவர் போட்டது சரியான கணக்கு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி என்று தலையை ஆட்டினேன்.

பொங்கலன்று மத்தியானம், அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, உள்ளங்கால் வெடிப்பில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பொருமினேன். அதே கை, அதே இரும்பு, ஒருத்தனுக்கு ஏழு, ஒருத்தனுக்கு ஏழே கால், எனக்கு மட்டும் நாலா? எந்த ஊர் நியாயம் இது? உலகத்தில் எவனுக்காவது இப்படி நடக்குமா?

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "திண்டிவனத்துக் களத்துல ஒண்ணே முக்கா ரூபா குடுக்கறாங்க" என்றாள்.

"யாருக்கு?"

"நெல்லு கெளர்ற பொம்பளைங்களுக்கு. இங்க எனக்கு ஒரு ரூபா."

எனக்கு அது அன்றுவரை தெரியாது. எட்டு ஊர் டர்னர் கூலி எனக்கு மனப்பாடம், இவள் கூலியை நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"கண்ணாலம் ஆவறதுக்கு முன்ன இருந்தே."

"பின்ன போவறதுதானே?" என்றேன். வாய்தான் கேட்டது, புத்தி கேட்கவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை. "நான் பஸ் ஏறிப் போயிட்டா உங்க நைனாவுக்கு யாருய்யா சோறு ஆக்கிப் போட்டிருப்பாங்க, நீ மெட்ராஸ்ல இருந்தப்ப?" என்று கேட்டுவிட்டு, அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பொங்கல் முடிந்து பட்டறை திறந்த அன்று, நாலு ரூபாய்க்கு இரண்டு லேத் ஓட்டக் கிளம்பினேன். ஆறு ரூபாய் ஆகட்டும் என்று நான் சொன்ன வார்த்தையை அவள் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் ஏதாவது பதில் சொல்லிப் பார்த்திருப்பேன். எனக்குச் சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தன் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னாலேயே களத்துக்குப் போய்விட்டாள்.